நாற்காலிக்காரருக்கு ஒரு பாராட்டு விழா

எங்கள் ஊர் சேவைச் சங்கம் ஒருவரைப் பாராட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், அந்த ஆளுக்கு ஊரை விட்டு ஓடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இரண்டு வருடங்களுக்கு முன் பல் டாக்டரைப் பாராட்டினார்கள். பாவம், மேடையில் மாலை முழுக்கச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தவர், மறுநாள் தாடையை மூட முடியாமல் பக்கத்து ஊர்ப் பல் டாக்டரிடம் போய் நின்றார். போன வருடம் நீச்சல் குளத்துக் காவலாளி. தண்ணீரில் மூழ்கப் போன ஒருவரைக் காப்பாற்றியதற்காகப் பாராட்டு. காப்பாற்றப்பட்டவரையும் மேடைக்கு அழைத்து, எல்லாப் பேச்சையும் கேட்க வைத்தார்கள். இறங்கும்போது அந்த மனிதர் காவலாளியின் தோளைத் தொட்டு, "அன்னைக்கே விட்டிருக்கலாம்" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

நான் அச்சகம் நடத்துகிறேன். சங்கத்தின் அழைப்பிதழ்கள் எல்லாம் என்னிடம்தான் அச்சாகின்றன. அதனால் அதன் நல்லது கெட்டது இரண்டும் எனக்குத் தெரியும். நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால், அழைப்பிதழுக்கு அவர்கள் வாங்கும் தாள் மிகவும் நல்ல தாள்.

இந்த வருடம் அவர்கள் கண் என் பக்கத்துக் கடைக்காரர் மேல் விழுந்தது. விழாக்களுக்கு நாற்காலி, மேசை, பந்தல் துணி வாடகைக்கு விடுபவர். ஊரில் அவரை நாற்காலிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பெண்டாட்டி மட்டும் "என்னங்க" என்பார். அந்தப் பெண்டாட்டியைத் தெருவே அம்மா என்றுதான் கூப்பிடும்.

கடை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை வரை ஏறி நிற்கும். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் ஒரு பச்சைப் பெயிண்ட் பொட்டு. வேறு கடை நாற்காலியோடு கலந்துவிட்டால் கவிழ்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கத்தான். விழா முடிந்து திரும்பி வரும் நாற்காலிகளில் ஐஸ்கிரீம், சூயிங் கம், சில சமயம் யாருடைய மூக்குக் கண்ணாடியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா கொல்லையில் ரப்பர் குழாயும் பிரஷும் சோப்புமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காய வைப்பார். இரண்டு பெண்களும் அந்த அடுக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்துதான் படித்து முடித்து வேலைக்குப் போனார்கள். இதுதான் அந்தக் குடும்பம்.

பள்ளி விளையாட்டு விழா, ரத்ததான முகாம் இதற்கெல்லாம் அவர் வாடகை வாங்க மாட்டார். ஆனால் ஊர் அவரை மதிப்பது வேறொரு காரணத்துக்காக. கடையின் கடைசியில், நீலத் துணி போர்த்திய ஐம்பது நாற்காலிகள் தனியாக இருக்கும். அவை எந்தக் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போகாது. யார் வீட்டிலாவது சாவு என்று தகவல் வந்தால், கேட்பதற்கு முன்பே அவை அந்த வீட்டு வாசலில் இறங்கிவிடும்.

"கல்யாணத்துக்கு மாசக்கணக்கா முன்னாடியே வந்து சொல்றாங்க. சாவு சொல்லிட்டா வருது? அழுதுக்கிட்டு ஓடி வர்றவங்ககிட்ட, நாற்காலி எல்லாம் வெளிய போயிருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொல்ல முடியுமா?" என்பார்.

ஒரு காலத்தில் அவருக்கே அப்படி நடந்தது. அவர் அப்பா செத்துப்போன அன்று கடை நாற்காலிகள் அத்தனையும் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தன. வந்தவர்களெல்லாம் தெருவில் கால் மாற்றி நின்றார்கள். அவர் அம்மா வாசல்படியில் உட்கார்ந்தார். நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார நாற்காலி இல்லை. அந்த வெட்கமும் வேதனையும் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஐம்பது நாற்காலிகளை அவர் வேறு எதற்கும் தந்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கடை வாசலில் ஒருநாள் காலை சங்கத்தின் கார்கள் வந்து நின்றன. முதல் காரில் தலைவர். அவருக்கு டைல்ஸ் கடை. கழுத்தில் சங்கிலியும் அதில் தட்டு மாதிரி ஒரு பதக்கமும் எப்போதும் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்பது பற்றி ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. இரண்டாவது காரில் செயலாளர். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பின்னால் வந்த கார்களில் முன்னாள் தலைவர்கள், வருங்காலத் தலைவர்கள், தலைவராகும் வாய்ப்பை நூலிழையில் இழந்தவர்கள்.

"குடும்பத்துக்கும் ஊருக்கும் வாழ்க்கையையே குடுத்த தொழிலதிபர்னு உங்களுக்கு விருது தர்றோம்" என்றார் தலைவர்.

நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "தொழிலதிபரா? நானா?"

"சும்மா உக்காருங்க. நாங்க பேசி முடிச்சிட்டு சொல்றோம்."

விருதுக்குச் சேவை மதிப்பீடு செய்ய வேண்டுமாம். செயலாளர் ஒரு கோப்பைத் திறந்தார். "சாவு வீட்டுக்கு நாற்காலி குடுத்தீங்கல்ல, போட்டோ எங்க?"

"போட்டோவா? சாவு வீட்ல யாருங்க போட்டோ எடுப்பாங்க?"

செயலாளர் பேனாவை மூடினார். "அப்ப சேவை நடந்துச்சுன்னு நாங்க எப்படி நம்புறது? எங்க சங்கத்துல முதல்ல போட்டோ எடுப்போம். அப்புறம் சேவை. நேரம் இருந்தா."

"ஊர்ல யாரை வேணா கேளுங்களேன்."

"ஊர்க்காரங்க சொல்றது எல்லாம் சாட்சி ஆகாது சார். அவங்க நடந்ததைத்தான் சொல்லுவாங்க."

பிரச்சினையைத் தீர்க்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவின் முடிவு எளிமையானது. ஒரு சாவு வீட்டை ஏற்பாடு செய்து, நாற்காலிக்காரர் அங்கே நாற்காலி இறக்குவதைப் படமெடுப்பது. வீடு கிடைத்தது. அழுவதற்குச் சங்க உறுப்பினர்கள் தயாராக இருந்தார்கள். ஒரு மகளிர் அணித் தலைவி மட்டும், தனக்கு முன்வரிசையில் அழ இடம் கொடுக்காவிட்டால் ராஜினாமா செய்வேன் என்றார். கொடுத்தார்கள். சாகத்தான் ஆள் கிடைக்கவில்லை. தலைவரே படுக்கலாம் என்று முன்னாள் தலைவர் ஒருவர் முன்மொழிந்தார். வழிமொழியப் பலர் எழுந்ததைப் பார்த்ததும் தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்.

கடைசியில் வந்தவர் எங்கள் தெருத் தையல்காரர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாற்காலிகளுக்குத் துணி உறை தைத்துக் கொடுப்பவர். நாற்காலிக்காரருக்கு வேண்டியவர் என்பதோடு பெரிய கிண்டல் பேர்வழி.

"படுக்கறதுதானே? வீட்ல இருந்தா மெஷின் மிதிக்கணும். இங்க படுத்துட்டுப் போறேன்" என்று கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

நாற்காலிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணே, எந்திரிங்க. இது என்ன விளையாட்டு?"

"சும்மா இருப்பா. செத்தவன் எல்லாம் தனக்கு யார் யார் அழுறாங்கன்னு தெரியாமத்தான் போறான். நான் முன்னாடியே பார்த்துக்கறேன்" என்று தையல்காரர் ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தை எண்ணினார்.

போட்டோகாரர் வந்தார். நாற்காலியை வேனிலிருந்து இறக்கச் சொன்னார், ஏற்றச் சொன்னார், வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி இறக்கச் சொன்னார். தலைவர் நாற்காலியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செயலாளர் இன்னொரு கையை. அடுத்த படத்தில் மொத்தச் செயற்குழுவும் அந்த ஒரு நாற்காலியைத் தூக்கியது. நாற்காலிக்காரர் படத்தில் இல்லை, ஏனென்றால் அவர் வேனுக்குள் நின்று மீதியைத் தூக்கிக் கொண்டிருந்தார். மகளிர் அணித் தலைவி அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் உண்மை என்று நம்பித் தன் அலுவலகத்துக்கு விடுமுறை சொல்லிவிட்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பிணம் தும்மியது. "நூறு ஆயுசு" என்று செயலாளர் பழக்கதோஷத்தில் சொன்னார்.

சேவை நிரூபணமாகிவிட்டது.

அடுத்து ஒத்திகை. விருது வாங்குகிறவர் பணிவாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதற்குப் பயிற்சி அளிக்க ஒரு குழு இருந்தது. நாற்காலிக்காரர் பிறந்ததிலிருந்து பணிவைத் தவிர வேறெதையும் அறியாதவர். ஆனால் அவருடைய பணிவு மேடைக்கு எடுபடவில்லை என்று குழு கருதியது.

"குனியறது பத்தலை சார். கடைசி வரிசைக்கும் நீங்க பணிவா இருக்கறது தெரியணும்."

அவர் குனிந்தார்.

"இது நாற்காலி எடுக்கக் குனியற மாதிரி இருக்கு. கையைக் கீழ கொண்டுபோகாதீங்க. நெஞ்சுகிட்ட வைங்க. கண்ணுல லேசா தண்ணி வரட்டும். பேச்சுல உங்களை எளிமையான மனுஷன்னு சொல்லப் போறோம். அதனால கோட்டு போட்டுட்டு வாங்க."

கோட்டு வாடகைக்கு எடுத்தார். வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் வாடகைக்குக் கொடுத்தவர், முதல் முறையாக ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு என் அச்சகத்துக்கு வந்து நின்றார். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கு. என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அச்சான அழைப்பிதழை அவரிடம் காட்டினேன். முதல் பக்கத்தில் தலைவரின் படம். இரண்டாம் பக்கத்தில் முன்னிலை வகிப்பவர்கள். மூன்றாம் பக்கத்தில் முன்னிலை வகிப்பவர்களை வரவேற்பவர்கள். அறிமுக உரை நிகழ்த்துபவரை அறிமுகம் செய்பவருக்குத் தனிக் கட்டம். விழா நாயகரின் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில், என் அச்சகத்தின் முகவரிக்கு மேலே இருந்தது. எழுத்தும் என் முகவரியை விடச் சின்னது.

"தாராளமா சொல்லிடுங்க. நீங்க வராட்டியும் அவங்களுக்குத் தெரியப் போறதில்ல" என்றேன்.

அவர் சிரித்தார். அப்புறம் தயங்கிக்கொண்டே, "வீட்ல அவ ஆசைப்படறா" என்றார்.

அம்மா ஆசைப்பட்டது விருதுக்கு அல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவர் போகாத விழா கிடையாது. ஆனால் ஒன்றிலும் உட்கார்ந்தது கிடையாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். எந்த நாற்காலியின் கால் விரிகிறது, எவன் பின்னால் சாய்ந்து ஆடுகிறான், எத்தனை திரும்பி வரும் என்றுதான் பார்த்துக் கொண்டிருப்பார். "ஒரே ஒரு தடவை முன்வரிசைல உக்காந்து, எண்ணாம, ஒரு விழாவை முழுசா பார்க்கணுங்க. அவ்வளவுதான்" என்று அவர் சொன்னதற்குப் பிறகு நாற்காலிக்காரரால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்?

விழாவுக்கு நாற்காலி அவரிடம்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானமானது. பாராட்டு அவருக்கு என்பதால் வாடகை என்ற பேச்சே எழவில்லை. கடையிலிருந்த அத்தனை நாற்காலியும் போதவில்லை. மேடையில் மட்டும் நான்கு வரிசை போட வேண்டியிருந்தது. செயலாளர் கடைக்கு வந்து, பக்கவாட்டில் நடந்து, கடைசி வரை போய், நீலத் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது?"

"அது குடுக்கறதில்லைங்க."

"உங்க விழாவுக்கே குடுக்க மாட்டீங்களா?"

"அன்னைக்கு யாராவது செத்துட்டாங்கன்னா?"

செயலாளர் போய்விட்டார். மறுநாள் ஒரு தாளுடன் வந்தார். "விழா அன்னைக்கு ஊர்ல யாரும் சாகக் கூடாதுன்னு செயற்குழுவுல தீர்மானம் போட்டாச்சு. ஏகமனதா நிறைவேறிடுச்சு. இனி உங்களுக்குக் கவலை வேண்டாம்."

நாற்காலிக்காரர் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். நம்புவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "அப்பவும் வேண்டாங்க" என்றார்.

"முன்வரிசைக்குத்தான் நாற்காலி பத்தலை. குடும்பத்துக்காரங்களை அங்கதான் போட்டிருந்தோம். சரி, பரவால்ல, அவங்க பின்னாடி நிக்கட்டும்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. இதற்குத்தான் இன்ஷூரன்ஸ் விற்றுப் பழக வேண்டும். நாற்காலிக்காரர் நீலத் துணியைத் தானே எடுத்து மடித்தார். நாற்காலிகளை வேனில் ஏற்றிய பிறகு காலியாகக் கிடந்த அந்த மூலையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரன் எரிச்சலை யார் கேட்கிறார்கள்?

விழா நகர மண்டபத்தில். சேவைச் சங்கத்தில் எந்த நிகழ்ச்சியும் மணி அடித்துத்தான் தொடங்கும். மணி அடிப்பதற்கு முன், மணி அடிப்பவரை வரவேற்றார்கள். அவர் மணியின் வரலாற்றைச் சொல்லிவிட்டு அடித்தார். பிறகு எல்லோரும் எழுந்து சேவை உறுதிமொழி எடுத்தோம். அதன் வாசகம் நீளமானது. "என் நேரத்தையும் உழைப்பையும்" என்று தொடங்கி "வசதிப்படி" என்று முடியும். பிறகு அறிமுகம் செய்பவர் வந்து அறிமுக உரையாளரை அறிமுகம் செய்தார். அறிமுக உரையாளர் தன்னைப் பற்றி விட்டுப்போன விவரங்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, நேரம் கருதி உட்கார்ந்தார்.

மேடையில் நான்கு வரிசையும் நிறைந்திருந்தது. நாற்காலிக்காரருக்கு மட்டும் இடமில்லை. பதவி வரிசைப்படி போட்டதில் விட்டுப்போய்விட்டதாம். அவர் மேடையின் ஓரத்தில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், குட்டைக் கோட்டோடு நின்றார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கிருந்து எல்லா நாற்காலியையும் எண்ண முடிந்தது.

அம்மா முன்வரிசையில், இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்து, மேடையை மட்டுமே பார்த்தார். பக்கத்தில் ஒருவர் நாற்காலியைச் சாய்த்து ஆடியபோது கூட அவர் திரும்பவில்லை. அவ்வளவு பேச்சையும் ரசித்துக் கேட்ட ஒரே ஆள் அந்த மண்டபத்தில் அவர்தான்.

தலைவர் ஒலிபெருக்கியின் முன் வந்தார். பதக்கத்தைச் சரிசெய்தார்.

"பெரியோர்களே! சேவை என்பது வெளியே தெரியாமல் செய்யப்பட வேண்டியது. அதனால்தான் நமது சங்கம் இதுவரை செய்த சேவை எதுவும் யாருக்கும் தெரியவில்லை. போன வருடம் நாம் பத்து ஏழைகளைத் தேர்ந்தெடுத்தோம். அவர்களுக்கு உதவும் திட்டம் அடுத்த வருடம்தான் வருகிறது. அதுவரை ஏழைகளாகவே இருக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டோம். அவர்கள் முழு ஒத்துழைப்பு தருகிறார்கள்."

கைதட்டல்.

"மரம் நடும் விழாவைச் சிலர் குறை சொல்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே குழியில் நடுகிறோம் என்கிறார்கள். ஆமாம், நடுகிறோம். அதுதான் விடாமுயற்சி! இன்று நாம் பாராட்டும் இந்தத் தொழிலதிபர், ஊரையெல்லாம் உட்கார வைத்து அழகு பார்த்தவர். தான் மட்டும் நின்றுகொண்டே இருந்தவர். இப்போதுகூட நின்றுகொண்டிருக்கிறார், பாருங்கள்! அதை நாம் மாற்ற விரும்பவில்லை."

இந்த இடத்தில்தான் மண்டபத்தின் கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். தையல்காரரின் மகள். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல், மேடை ஓரத்தில் நின்ற நாற்காலிக்காரரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து குதித்து இறங்கி ஓடினார். நானும் எழுந்து போனேன்.

"அப்பா போயிட்டாருண்ணே. டீ குடிச்சிட்டு மெஷின்கிட்ட போய் உக்காந்தாரு. அப்படியே தலையைச் சாய்ச்சிட்டாரு. எல்லாரும் வந்து தெருவுல நிக்கறாங்க. அம்மாவுக்கு நிக்க முடியலை."

நாற்காலிக்காரர் முகம் செத்துவிட்டது. மறுபடியும் அவருக்கு அதே நாள் வந்துவிட்டது. எதற்காக ஐம்பது நாற்காலியைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றினாரோ, அது நடந்த அன்று கடை காலி. அவர் மேடையடிக்கு வந்து, செயலாளரிடம் மெதுவாகச் சொன்னார்.

"தையல்காரர் செத்துட்டாருங்க. நாற்காலி வேணும்."

"அவரு போன வாரமே செத்தாச்சே? போட்டோ கூட நல்லா வந்துச்சே?"

"இது நிஜமா."

செயலாளர் தலைவரிடம் சொன்னார். தலைவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். சரியாக மூடாததால் அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. "தீர்மானம் போட்டிருக்கோமே, அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே பண்ணிட்டார் போலிருக்கு."

"உறுப்பினரா?"

"இல்லை."

"அப்ப நாம ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு நாற்காலிக்காரரிடம் குனிந்து, "கொஞ்சம் பொறுங்க சார். இன்னும் பதினோரு பேர்தான் பேசணும். அப்புறம் நன்றியுரை. அவரு எங்கயும் போயிட மாட்டாரு" என்றார்.

"நாற்காலியை மட்டுமாவது எடுத்துக்கறேங்க. விருதை நீங்களே வெச்சுக்கங்க."

"என்ன பேசறீங்க? நீங்க இல்லாம விழா நடத்தலாம். நாற்காலி இல்லாம எப்படி நடத்தறது?"

நாற்காலிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி மேல் அவர் கண் போய் நின்றது. வாழ்க்கையில் அம்மா கேட்ட ஒரே ஒரு ஆசை அது. இன்னும் பதினோரு பேச்சு பாக்கி இருந்தது. ஒரு பேச்சைக்கூட விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

அம்மா எழுந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பி, பெரிய பெண் எழுந்ததும் அவள் நாற்காலியின் மேல் கவிழ்த்து, சின்னவளுடையதையும் சேர்த்து அடுக்கினார். அந்த ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்னங்க, வேனை வாசலுக்குக் கொண்டு வாங்க" என்றார்.

"வேன் எதுக்கு? ரெண்டு தெருதானே" என்று பின்னால் ஒரு குரல். நீச்சல் குளத்துக் காவலாளி. அவர் தன் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பல் டாக்டர் இரண்டு எடுத்தார். அவர் இதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவரவர் உட்கார்ந்த நாற்காலியை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் நாற்காலிக்காரரின் நாற்காலியில் அழுதபடி உட்காராத குடும்பம் ஒன்றுகூட இல்லை. நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். என் அம்மா போனபோது நான் உட்கார்ந்தது இதில்தானோ என்று கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பச்சைப் பொட்டு.

தலைவர் விடவில்லை. "பெரியோர்களே! இந்த எழுச்சியைப் பாருங்கள்! நமது சங்கத்தின் விழாவுக்கு இவ்வளவு பேர் எழுந்து நின்று மரியாதை செலுத்துவது இதுவே முதல் முறை!" என்று காலியாகிக்கொண்டிருந்த மண்டபத்தைப் பார்த்துப் பேசினார்.

கீழே முடிந்ததும் நாற்காலிக்காரர் மேடைக்கு ஏறினார். வருங்காலத் தலைவர்களிடம் தொடங்கினார். "கொஞ்சம் எந்திரிங்க சார். துக்கத்துக்கு." எழுந்தார்கள். முன்னாள் தலைவர்கள் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்கள். பதவியை விட்டபோது இழுத்ததைவிடக் குறைவுதான். செயலாளர் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு செயற்குழு ஒப்புதல் வேணும்" என்றார். "ஒப்புதல் பின்னாடி வாங்கிக்கலாம். போட்டோ எடுத்துட்டீங்கல்ல?" என்றார் நாற்காலிக்காரர். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே கிண்டல் அது என்று நினைக்கிறேன். அதுவும் தையல்காரரின் சார்பில் செய்ததுதான். சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தையல்காரர் வீட்டு வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். அம்மா முதல் நாற்காலியைக் கொண்டுபோய்த் தையல்காரரின் மனைவிக்குப் பின்னால் வைத்து, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். எண்ணவில்லை. அங்கே நடக்கும் எல்லாவற்றையும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் சங்கத்தின் கார்கள் வந்தன. விழா முடிவதற்குள் விருது கொடுக்கப்பட வேண்டும் என்பது விதி. விழா நாயகர் இருக்கும் இடமே விழா நடக்கும் இடம் என்று அவசரமாக ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். தலைவர் கேடயத்தோடு இறங்கினார். பின்னால் செயலாளர், போட்டோகாரர், ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே…"

தையல்காரரின் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தார். வந்திருப்பது யார், எதற்கு வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. துக்கத்துக்கு வந்த ஒருவர் கையில் ஏதோ கனமான சாமானோடு நிற்கிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"ஏன் தம்பி நிக்கறீங்க? அதைக் கீழ வெச்சிட்டு உக்காருங்க" என்றார். அந்தக் குரலுக்கு முன்னால் எந்த விதியும் நிற்காது.

நாற்காலிக்காரர் ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, கோட்டின் கையால் துடைத்துத் தலைவருக்குப் பின்னால் போட்டார். தலைவர் கேடயத்தைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். பேச வாயைத் திறந்தார். சுற்றிலும் ஊரே உட்கார்ந்து அவரைப் பார்க்காமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் வாழ்நாளில் முதல் முறையாக அவர் அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல், தெருவோரத்தில், மற்றவர்களோடு மற்றவராக உட்கார்ந்திருந்தார்.

போட்டோகாரர் படமெடுக்கவில்லை. அதனால் சங்கத்தின் பதிவேட்டில் இது சேரவில்லை. ஆனால் சேவைச் சங்கம் ஏதாவது சேவை செய்திருக்கிறதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், ஊரில் எல்லோரும் அந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்கிறோம்.